விறகடுப்புக்கேற்ற இலகுவான பாத்திரம்

மலையேற்றப் பையில் அடங்கும் சிறு விறகடுப்புக்குப் பாத்திரம் தேடியபோது, எடையை மட்டுமே பார்த்து 900 மில்லி டைட்டானியம் பாத்திரம் ஒன்றை வாங்கினேன். தண்ணீர் கொதிக்க வைக்க அது போதும். ஆனால் டைட்டானியம் வெப்பத்தை எளிதில் பரவவிடாததால், சுள்ளிகளின் தீ நாக்கு பட்ட இடத்தில் சோறு கருகிப் பிடித்துக்கொள்ள, ஓரத்துப் பருக்கைகள் அரைவேக்காடாகவே நின்றன. இப்போது நான் எடுத்துச் செல்வது, உயரத்தைவிட அகலம் கூடிய அலுமினியப் பாத்திரம். அதன் அகன்ற அடி தீயை வீணாக்காமல் வாங்கிக்கொள்கிறது, அடுப்பின் மேல் சாயாமலும் நிற்கிறது. அலுமினியம் 660 டிகிரி செல்சியஸில் உருகிவிடும் என்பதால், நீர் வற்றவிடாமல் பார்த்துக்கொள்கிறேன். ரப்பர் உறையிட்ட கைப்பிடி விறகுத்தீக்கு ஆகாது. மேலே தூக்கிப் பிடிக்கும் கம்பி வளையமே நல்லது. அடியில் கரி பிடிக்கத்தான் செய்யும். அடுப்பில் ஏற்றுமுன் ஈரச் சாம்பலைப் பூசிவிடும் என் பாட்டியின் வழக்கம் இங்கும் கைகொடுக்கிறது.