ஸ்வயம்ல சேத்து விட்டா போதுமா?

ஒரு செமஸ்டர்ல 40 சதவீதம் வரைக்கும் பேப்பர ஸ்வயம்ங்கிற மத்திய அரசு பாடத் தளத்துல ஆன்லைன்லயே படிச்சு கிரெடிட் வாங்கிக்கலாம்னு பல்கலைக்கழக மானியக் குழு (யூஜிசி) 2021லயே சொல்லிடுச்சு. நல்ல விஷயம்தான், ஐஐடி வாத்தியார் ஸ்வயம்ல நடத்துற என்பிடெல் பாடத்த ஊர்ல உக்காந்து காசில்லாம கேக்கலாம், பரிட்சைக்கு மட்டும்தான் ஃபீஸ். ஆனா நம்ம பசங்க பாதிப்பேர் வீடியோவ ஓடவிட்டுட்டு அசைன்மென்ட் விடைய டெலிகிராம்ல தேடுறானுங்க, டேய் அதுக்கு 25 மார்க்குதான்டா, மிச்சம் 75க்கு சென்டர்ல போய் உக்காந்து எழுதணும்டானு சொன்னா சிரிக்கிறானுங்க.

இதுல இன்னொண்ணு, ரீல்ஸ் எடிட் பண்றதுல புலியா இருக்குறவனுக்கு எக்செல்ல ஒரு கூட்டல் ஃபார்முலா போடத் தெரியல, மெயில் அனுப்பச் சொன்னா சப்ஜெக்ட்லயே மொத்த லெட்டரையும் எழுதி அனுப்புறான் 😄 மொதல்ல லேப்ல இதச் சொல்லிக் குடுங்கய்யா, டேட்டா சயின்ஸ் அப்புறம் பாத்துக்கலாம்.