ஒட்டன்சத்திரம் தாண்டி, பழநி நோக்கி

ஒட்டன்சத்திரத்தில் விடிகாலை மூன்று மணிக்குக் குருசாமி எழுப்பியபோது கால் தரையில் பாவவில்லை. நத்தம் ரோட்டு வெயிலில் கிளம்பிய கொப்புளங்கள், திண்டுக்கல் வருவதற்குள் இரண்டு உள்ளங்காலிலும் பரவிவிட்டன. பழநிக்கு இன்னும் 30 கிலோமீட்டர். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றவனை எங்கள் கூட்டத்தில் வந்த தேவகோட்டைப் பெரியவர் கையைப் பிடித்து உட்கார வைத்தார். ஊசியைத் தீக்குச்சி நெருப்பில் காட்டி, நூலைத் தேங்காய் எண்ணெயில் நனைத்துக் கோத்து, கொப்புளத்தின் ஒரு பக்கம் குத்தி மறுபக்கம் எடுத்தார். நூலை மட்டும் உள்ளேயே விட்டு இரண்டு முனையையும் நறுக்கினார். நீர் நூல் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறங்கியது. “தோலை மட்டும் உரிச்சிராதீங்க தம்பி, உரிச்சா அவ்வளவுதான், நடக்க முடியாது” என்றார். இரண்டு பாதத்திலும் நூல் தொங்க, அரோகரா சொல்லிக் கிளம்பினோம்.

இந்தப் பாதயாத்திரை அம்மாவின் வேண்டுதல். தங்கச்சி மகன் எட்டாம் மாதமே பிறந்து, கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்த நாட்களில் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே மஞ்சள் துணியில் காசு முடிந்துவிட்டார். பிள்ளை பிழைத்து வந்தால் தாய்மாமன் நடந்தே பழநிக்கு வந்து, மடியில் வைத்து முதல் முடி இறக்குவான் என்று. என்னிடம் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது, பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டான். தைப்பூசத்துக்கு மாலை போட்டு, குன்றக்குடி முருகனிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

விருப்பாட்சி வரை பனி. முன்னால் போகிறவரின் காவடி மணிச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டியிருந்தது. விடிந்ததும் இடப்பக்கம் கொடைக்கானல் மலை எழுந்து நின்றது. ஆனால் அதை அண்ணாந்து பார்க்க விடாமல் சாலையெங்கும் அன்னதானத் தட்டுகள், கப்புகள், மிதிபட்ட சோறு. போடுகிறவர்கள் புண்ணியத்துக்குத்தான் போடுகிறார்கள், அதோடு ஒரு குப்பைத்தொட்டியும் வைத்தால் என்ன? வெறுங்காலோடு வருகிற கூட்டம் இது. காரும் வேனும் உரசுகிற மாதிரி பறக்கின்றன. 2021-இல் பூசம் அரசு விடுமுறையான பிறகு கூட்டம் இன்னும் கூடிவிட்டது என்கிறார்கள் பழைய ஆட்கள்.

சத்திரப்பட்டிக்குக் கொஞ்சம் முன்னால் என்னால் முடியவில்லை. வெயில் ஏறிவிட்டது. தார் கொதித்தது. கூட வந்தவர்கள் கண்ணுக்கு மறைந்துவிட்டார்கள். புளியமரத்தடியில் உட்கார்ந்து, பஸ் ஏறிவிடலாமா என்று நினைத்தே விட்டேன். அப்போது ஒரு அம்மா, அறுபது வயதிருக்கும், ஒரு பிளாஸ்டிக் டப்பில் உப்புப் போட்ட வெந்நீரோடு வந்தார். “காலைக் காட்டுங்க சாமி.” வயதில் பெரியவர் என் காலைத் தொடுவதா என்று இழுத்துக்கொண்டேன். “உங்க காலையா பிடிக்கிறேன்? மலைக்குப் போற காலைப் பிடிக்கிறேன்” என்று சொல்லிவிட்டு, பாதத்தை வெந்நீரில் அமுக்கினார். அப்புறம் தன் முந்தானையாலேயே துடைத்து, நூல் தொங்கிய இடங்களைத் தொடாமல் சுற்றிச் சுற்றி விளக்கெண்ணெய் தடவிவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைப் பார்க்காத மாதிரி, அடுத்து உட்கார்ந்திருந்தவரிடம் டப்பை நகர்த்திக்கொண்டு போனார். முருகன் வேலோடும் மயிலோடும்தான் வர வேண்டுமா?

ஆயக்குடி தாண்டி மலை தெரிந்ததும் முன்னால் போனவர்கள் அப்படியே ரோட்டில் விழுந்து கும்பிட்டார்கள். நானும் விழுந்தேன். எழுந்த பிறகு வலி இருந்தது, ஆனால் அதைக் கேட்க நேரமில்லை.

பழநிக்குள் நுழைந்தால் ஆளாளுக்குக் கையைப் பிடித்து இழுக்கிறார்கள். “மொட்டைக்கா? சீக்கிரம் தரிசனம் வேணுமா? ரூம் இருக்கு.” நடந்து வந்தவன் வேண்டாம் என்று சொன்னால் விட வேண்டாமா? பின்னாலேயே வருகிறார்கள். மனசு நிறைந்து வருகிறவர்களின் கோபத்தைக் கிளப்பிவிடும் இந்தத் தரகர்களைத்தான் முதலில் ஒழுங்குபடுத்த வேண்டும்.

அம்மாவும் தங்கச்சியும் பஸ்ஸில் வந்து காத்திருந்தார்கள். பிள்ளை என் மடியில் அலறித் தீர்த்துவிட்டான். சந்தனம் பூசிய தலையோடு திருஆவினன்குடியில் கும்பிட்டுவிட்டு, 693 படி என் காலுக்கு ஆகாது என்று யானைப்பாதை வழியாக ஏறினோம். வரிசை நகரவே இல்லை, பொழுது சாய்ந்துவிட்டது. சன்னிதியில் ராஜ அலங்காரம். நான் பேசாமல் நின்றேன். அம்மாதான் பிள்ளையை என் தோளிலிருந்து வாங்கி, கூட்டத்துக்கு மேலே தூக்கிப் பிடித்து, “முருகா, இவன்தான். நான் சொன்னேன்ல, இவன்தான். நல்லாப் பார்த்துக்கோ” என்று சத்தமாகச் சொன்னார். பின்னால் தள்ளினார்கள், நகருங்க நகருங்க என்றார்கள். கிடைத்தது ஒரு நிமிஷம்கூட இருக்காது. அம்மா சொன்னதைச் சாமி கேட்டுக்கொண்டுதான் நின்றார். நான் பார்த்தேன்.

சத்திரப்பட்டி அம்மாவுக்கு, நூல் கோத்த பெரியவருக்கு, இருட்டில் டார்ச் அடித்துக்கொண்டு கூடவே வந்த முகம் தெரியாத பையன்களுக்கு, சுக்குக் காபி கொடுத்த கைகளுக்கெல்லாம் என்ன சொல்ல. நல்லா இருக்கணும், அவர்கள் பிள்ளைகுட்டிகள் எல்லாரும் நல்லா இருக்கணும். அடுத்த தைக்கும் நடந்து வருகிறேன் என்று தண்டாயுதபாணியிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அதற்கு வேண்டுதல் எதுவும் இல்லை.