மடக்கை மாறிப்போன டியூட்

வட்டக்கச்சியில் ஒரு கொட்டிலுக்குள் உயர்தரப் பிள்ளைகளுக்கு இணைந்த கணிதம் படிப்பிக்கிறேன். டியூட்டை, அதாவது பயிற்சித் தாளை, கணிதத்தை அழகாக அச்சுக்கோக்கும் லாடெக் என்ற மென்பொருளில்தான் அடிப்பேன். போன மாதம் நேரமில்லாமல், விடைகளைக் கணக்குச் செய்து தரும் மாக்சிமா என்ற மென்பொருளில் போட்டு வந்ததை அப்படியே எடுத்து ஒட்டினேன். மாக்சிமா இலவசம், நெற் இல்லாமலும் ஓடும். சிக்னல் வந்து வந்து போகிற இடத்தில் அதுவே பெரிய உபகாரம்.

முதல் தடங்கல் டொலர் குறி. மாக்சிமாவின் டெக் என்ற கட்டளை, விடையை லாடெக் வடிவில் எழுதி, தானாகவே இரட்டை டொலருக்குள் அடைத்துத் தரும். அதை ஈக்குவேஷன் சூழலுக்குள் (லாடெக்கில் பிகின், எண்ட் என்ற கட்டளைகளுக்கு இடையில் வரும் பகுதி) வைத்தால் லாடெக் பிழை காட்டும். டெக்1 என்று கொடுத்தால் டொலர் இல்லாமல் கணிதக் கோவை மட்டும் வரும். சரி, அது முடிந்தது.

தாயம் (மேட்ரிக்ஸ்)தான் படுத்தி எடுத்தது. என்னிடம் இருக்கிற பழைய மாக்சிமாப் பதிப்பு, தாயத்தை லாடெக்குக்கு முந்திய பாணியில் எழுதுகிறது: பீமேட்ரிக்ஸ், நெளி அடைப்பு, நிரை முடிவில் சிஆர். லாடெக்கோடு சேர்த்துப் பாவிக்கும் ஏஎம்எஸ்மாத் பொதி அந்தப் பெயரைச் சூழலாக்கி வைத்திருப்பதால் ‘இது பழைய வடிவம்’ என்று மறித்துவிடும். எல்லாவற்றையும் கையால் பிகின், எண்ட் போட்டுத் திருத்தினேன். பின்னத்துக்கு வரும் ஓவர் கட்டளைக்கு எச்சரிக்கை மட்டும்தான். அதை நான் கண்டுகொள்வதில்லை.

பரந்தனில் போட்டோகொப்பி அடித்து 40 பேருக்கும் கொடுத்தாயிற்று. பின்வாங்கில் ஒரு பிள்ளை எழும்பினாள்.

“சேர், இது பத்தை அடியாகக் கொண்ட மடக்கையோ?”

பார்த்தால், எல்என் எக்ஸின் தொகையீடு ‘எக்ஸ் லொக் எக்ஸ் சய (மைனஸ்) எக்ஸ்’ என்று நிற்கிறது. மாக்சிமாவுக்கு லொக் என்றாலே இயற்கை மடக்கை. எங்கள் பிள்ளைகளுக்கோ அது எல்என். தொகையீட்டு மாறிலியையும் காணவில்லை. அதை விட்டால் புள்ளி போகும் என்று வாராவாரம் கத்துகிறவனே நான்தான். 40 தாளிலும் பிள்ளைகள் பேனையால் சேர்த்தார்கள்.

அன்றிரவு லாடெக் கோப்பின் தலைப்பகுதியில் இரண்டு வரி எழுதினேன்: லொக் வந்தால் எல்என், சிஎஸ்சி வந்தால் கோசெக். இங்கே சிஎஸ்சி என்று யார் எழுதுகிறார்கள்? நிம்மதியாகப் படுத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால், நானே கையால் அடித்திருந்த பத்தடி மடக்கைக் கேள்வியும் எல்என்னாகி, அடியில் 10ஐச் சுமந்துகொண்டு நிற்கிறது.

இப்போது பழைய லொக்கை முதலில் வேறு பெயரில் எடுத்து வைத்துவிட்டுத்தான் மாற்றுகிறேன். மாறிலியை இன்னும் கையால்தான் அடிக்கிறேன்.