சேலத்தில் ஒரு சிலோன்

6 ஒக்டோபர் 2024

சேலத்துக்குப் படிக்க வந்து பதினேழு நாள். யாழ்ப்பாணத்துப் பலாலியில் விமானம் ஏறிச் சென்னையில் இறங்க ஒன்றரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. சென்னையிலிருந்து சேலம் வரத்தான் ரயிலில் ஐந்தரை மணித்தியாலம். ரொறன்ரோ மாமாவின் மகன் வட்ஸ்அப்பில் கேட்டிருந்தான்: "இதுவும் ஒரு வெளிநாடோ?" ஃபீஸ் கட்டுவது அவனுடைய அப்பா. அதனால் பதிலுக்கு ஒரு சிரிப்புப் பொம்மையோடு நிறுத்திக்கொண்டேன்.

வெளிநாடுதான் என்பதில் அரசாங்கத்துக்குச் சந்தேகமில்லை. பதினாலு நாளுக்குள் எஃப்.ஆர்.ஆர்.ஓ. என்ற வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். வெளிநாட்டு ஆள் தங்க வந்திருப்பதை ஹொஸ்டல்காரர் இருபத்துநாலு மணித்தியாலத்துக்குள் 'சி படிவம்' போட்டு அறிவிக்க வேண்டும். வோர்டனுக்கு இது முதல் அனுபவம். "நீ தமிழ்தானம்மா பேசற? அப்புறம் எதுக்கு ஃபாரின்னு எழுதணும்?" என்றார். பாஸ்போட்டைப் புரட்டிவிட்டு, குரலைத் தணித்து, "முகாமா கண்ணு?" என்று கேட்டார். இல்லை, யாழ்ப்பாணத்திலிருந்து நேரே வாறன் என்றேன்.

இந்த மாவட்டத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2021இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். அங்கேயே பிறந்து, இந்த ஊர்த் தமிழையே பேசி வளர்ந்த பலருக்கு இன்னும் குடியுரிமை கிடையாது. நேற்று வந்த என்னிடம் முத்திரை குத்திய வீசா இருக்கிறது. வோர்டன் ஏன் குரலைத் தணித்தார் என்று இரவு படுத்திருந்து யோசித்தேன்.

என் கட்டில் யன்னலோரம். யன்னல் முழுக்க மலை. எங்கட குடாநாட்டில் மலையும் இல்லை, வற்றாத ஆறும் இல்லை. பெயரில் மலை வைத்திருக்கும் கீரிமலையில்கூட இருப்பது கடலும் கேணியும்தான். காலையில் பல் தீட்டிக்கொண்டே பார்ப்பேன். ஏழு மணிக்கு நீலம், பத்து மணிக்குப் பச்சை, பின்னேரம் பாதி மலையைக் காணோம். "அது ஏற்காடு. வர்ற ஞாயித்துக்கிழமை போலாம்" என்கிறாள் ஆத்தூர்க்காரி. வருகிற ஞாயிறு எந்த ஞாயிறு என்று அவள் இன்னும் சொல்லவில்லை.

20 ஒக்டோபர்

இங்கே ஆளுக்கு ஊர்தான் பெயர். ஆத்தூர், ஓமலூர், அரூர். நான் சிலோன். 1972இலேயே நாட்டின் பெயரை மாற்றியாகிவிட்டது. சேலத்துக்குத் தகவல் வரவில்லைப் போலிருக்கிறது.

வோர்டன் என்னைப் பேசினவா என்று அழாக்குறையாகச் சொன்னேன். "என்ன பேசினாங்க?" என்று ஓமலூர் கேட்டாள். பேசினவா என்றால் ஏசினவா என்று விளங்கவைப்பதற்குள் அழுகையே போய்விட்டது. நான் கதைத்தால் அது கதை விடுவதாம். அழகாயிருப்பதை வடிவு என்றால் அது கோயிலில் இருக்கும் அம்மனின் பெயராம். பஸ்ஸில் பழக்கதோஷத்தில் "இறக்கம்!" என்று கத்தினேன். ஒருவரும் திரும்பவில்லை, பஸ்ஸும் நிற்கவில்லை. அடுத்த தரிப்பிடத்திலிருந்து நடந்து வந்தேன். ஆனால் அந்த டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் காசு இல்லை. முதல் நாள் பாஸ்போட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் அதைத் திரும்பியும் பார்க்காமல் இலவச டிக்கெட்டைக் கிழித்துத் தந்துவிட்டுப் போனார். இந்த நாட்டில் என்னிடம் ஒரு தாளும் கேட்காத ஒரே உத்தியோகத்தர்.

நேற்றுப் பின்னேரம் எனக்காக என்று சொல்லி எல்லோரும் ஒரு பரோட்டாக் கடைக்குக் கூட்டிப்போனார்கள். "உங்க ஊர் ஐட்டம்!" என்று வந்தது சிலோன் பரோட்டா. சதுரமாக மடித்து, உள்ளே முட்டையும் கறியும். சத்தியமாக நான் வாழ்க்கையில் கண்டதில்லை. எங்கட ஊர்க் கொத்துரொட்டியைப் பற்றி அரை மணித்தியாலம் வகுப்பெடுத்தேன். "அது இங்கயும் இருக்கு, கொத்து பரோட்டா" என்று அரூர் ஒரே வசனத்தில் முடித்துவிட்டாள்.

சேலத்தின் சொந்தச் சாப்பாடு என்றால் தட்டுவடை செட்தான். உள்ளங்கையளவுகூட இல்லாத இரண்டு தட்டுவடை. நடுவில் பச்சைச் சட்னி, சிவப்புச் சட்னி, துருவிய பீற்றூட், கரட், வெங்காயம். ஒரே வாயில் போட வேண்டும். கடித்துச் சாப்பிட்டால் முழுவதும் சட்டையில்தான். நான் கடித்தேன்.

24 நவம்பர்

அந்த ஞாயிறு இன்றைக்கு வந்தது!

பஸ் ஏற்காட்டு ரோட்டில் போகும்போது மொடேர்ன் தியேட்டர்ஸ் வளைவைக் காட்டினார்கள். ரி.ஆர்.சுந்தரம் 1930களில் தொடங்கிய படக் கம்பனி. நூற்றுக்கு மேல் படம் எடுத்த இடத்தில் இப்போது மிஞ்சி நிற்பது அந்த வளைவு மட்டும். எல்லோரும் அதன் முன் செல்ஃபி எடுப்பார்களாம். நாங்கள் பஸ் யன்னலால் எடுத்ததில் பாதி வளைவும் ஒரு மாமாவின் தலையும் விழுந்திருக்கிறது.

அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவு, மொத்தம் இருபது. ஒவ்வொன்றுக்கும் இலக்கம் போட்டிருக்கிறது. ஐந்து மட்டும் எண்ணினேன். பிறகு எலுமிச்சங்காயை முகர்ந்துகொண்டு கண்ணை மூடிவிட்டேன். (நாங்கள் தேசிக்காய் என்போம். அதற்கும் சிரித்தார்கள்.) காது அடைத்துத் திறந்தது. கண் திறந்தபோது வெயில் போய்விட்டது, பனிப்புகார் யன்னலுக்குள் வந்து கையில் ஈரமாக ஒட்டியது. நான் கொண்டுபோனது ஒரு மெல்லிய துப்பட்டா. ஆத்தூர் தன் ஸ்வெட்டரைக் கழற்றித் தந்துவிட்டு, "எனக்குக் குளிரல" என்று பல் கிட்டிக்கச் சொன்னாள்.

ஏரியில் மிதிபடகு. நாலு பேரில் இரண்டு பேர் மிதிக்க, மற்ற இரண்டு பேர் கட்டளை போட, படகு ஒரே இடத்தில் சுற்றியது. கரைக்கு வந்து மிளகாய் பஜ்ஜி. இதற்கு மேல் ஏரியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

சேர்வராயன் கோயில்தான் மனதில் நிற்கிறது. மேலே மரமில்லாத அகன்ற வெளி, காற்று ஆளைத் தள்ளுகிறது. கோயில் என்றால் கோபுரம் தேடிப் பழகிய கண். இங்கே அது ஒரு குகை, குனிந்துதான் உள்ளே போக வேண்டும். உள்ளே சேர்வராயனும் காவேரியம்மனும். இந்த மலையின் பெயரே அவரிடமிருந்துதான். மலைவாசிகளின் சாமி அது, மே மாதம் பெரிய திருவிழாவாம். அவர்களுக்கு 'மலையாளி' என்று பெயர். கேரளத்துக்காரர் என்று நினைத்து, பக்கத்தில் நின்ற அக்காவிடம் "உங்களுக்குத் தமிழ் விளங்குமோ?" என்று கேட்டுவிட்டேன். "எங்களுக்கு விளங்குது, உனக்குத்தான் என்னமோ மாதிரி வருது" என்றார். ஓமலூர் நிலத்தில் குந்தியிருந்து சிரித்தாள். மலையை ஆள்பவர் என்பதுதான் மலையாளி. தமிழ்தான் பேசுகிறார்கள், என்னை விட இந்த மலைக்குக் கிட்டிய தமிழ்.

வரும் வழியெல்லாம் கோப்பித் தோட்டம். நிழலுக்கு உயர்ந்த சில்வர் ஓக், அதில் சுற்றி ஏறிய மிளகுக் கொடி, கீழே கோப்பிச் செடியில் சிவப்புச் சிவப்பாய்ப் பழம். ஒன்றைப் பிதுக்கி வாயில் போட்டேன். தோல் இனிக்கிறது, கோப்பி மணமே இல்லை. 1820களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் என்ற வெள்ளைக்காரர்தான் இங்கே கோப்பி கொண்டுவந்து நட்டவராம். அதே பத்தாண்டில்தான் எங்கட நாட்டு மலையிலும் வெள்ளைக்காரர் கோப்பித் தோட்டம் போட்டார்கள், பள்ளிக்கூடத்தில் படித்தது. அங்கே 1869இல் இலைநோய் வந்து கோப்பி அழிந்து, தேயிலை வந்தது. இங்கே கோப்பி அப்படியே நின்றுவிட்டது.

லேடீஸ் சீட்டில் நின்று பார்த்தால் சேலம் முழுவதும் கீழே. எங்கட ஹொஸ்டல் எது என்று ஆளாளுக்கு ஒரு பக்கம் கை நீட்டினோம். அம்மாவுக்கு வீடியோ கோல் எடுத்துக் காட்டினேன். "என்ன பிள்ளை, ஒரே புகையாக் கிடக்கு" என்றா. அது மேகம் அம்மா என்றேன். அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினா. அவர் கனநேரம் பார்த்துவிட்டு, "கவனமா இறங்கு" என்று மட்டும் சொன்னார்.

3 டிசம்பர்

ஃபெஞ்சல் புயல் மழை. ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றுவிட்டது. நாங்கள் போய் வந்து பத்து நாள்கூட இல்லை. யன்னலில் மலையே தெரியவில்லை. எனக்கு ஸ்வெட்டர் தந்ததற்கு ஆத்தூருக்கு இப்போதுதான் தடிமன், இங்கே சொல்வதென்றால் சளி.

16 ஜனவரி 2025

பொங்கலுக்கு ஹொஸ்டல் காலி. நான் ஆத்தூர் வீட்டில்.

ஆத்தூர் என்று பெயர்தானே தவிர, வீடு டவுனிலிருந்து இன்னும் உள்ளே. வழியெல்லாம் மரவள்ளி. இங்கே அதைக் குச்சிக்கிழங்கு என்கிறார்கள். ஜவ்வரிசி ஆலைகளின் முற்றங்களில் வெள்ளைவெள்ளையாகக் காயப்போட்டிருக்கிறது. தூரத்திலேயே புளித்த மணம் வரும். மணம் என்றால் அவள் கோபிக்கிறாள், "நாத்தம்னு சொல்லு" என்கிறாள்.

பொங்கலுக்கு முதல் நாள் காப்புக்கட்டு. வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு வாசலில் செருகினோம். இது எங்களிடம் இல்லை. ஆனால் பொங்கலன்று விடிய வெடி கொளுத்தாமல் இவர்கள் எப்படிப் பொங்குகிறார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. "தீபாவளிக்குத்தானே வெடி?" என்று அவளுடைய தம்பி கேட்டான். பானை பொங்கும்போது வெடிச் சத்தம் கேளாமல், என்னவோ பொங்கல் இன்னும் தொடங்காத மாதிரியே இருந்தது.

அவித்த குச்சிக்கிழங்கு தந்தார்கள். சாப்பிட்டு முடிய அன்ரி இஞ்சித் தேத்தண்ணி நீட்டினா. நான் பதறிக் கையை இழுத்துவிட்டேன். எங்கட ஊரில் மரவள்ளிக்குப் பிறகு இஞ்சி என்றால் நஞ்சு என்பார்கள், அம்மா வீட்டிலே இஞ்சியை ஒளித்தே வைப்பா. வீடே சிரித்தது. அவர்கள் எல்லோரும் குடித்தார்கள், ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் குடிக்கவில்லை.

இதெல்லாம் எழுத வந்தது ஆயாவைப் பற்றி எழுதத்தான். ஆத்தூரின் அப்பாவைப் பெற்ற ஆயா. எண்பது தாண்டியவர். திண்ணையில் இருந்தவர் என்னைக் கிட்டக் கூப்பிட்டுக் கன்னத்தைத் தடவினார்.

"சிலோன்னா? கண்டிச் சீமையா கண்ணு?"

"ஓம் ஆயா, அந்த நாடுதான். நான் யாழ்ப்பாணம்."

"எங்கப்பாவோட அண்ணன் அங்க போனாரு. நான் பொறக்கறதுக்கு முன்னாடி. ரெண்டு தரம் பணம் வந்துச்சாம். அப்புறம் ஒண்ணும் வரல. அவரு மக்க மனுசர் அங்க இருப்பாங்க. நீ பாத்தியா?"

யாழ்ப்பாணம் வேறு, கண்டி வேறு என்றேன். கண்டிக்கு நான் போனதே இல்லை என்றேன். ஆயா விடவில்லை. "ஒரே சீமைதானே?"

ஒரே சீமைதான். அதைத்தான் என்னால் ஆயாவுக்குச் சொல்ல முடியவில்லை. சேலம், திருச்சி என்று இந்தப் பக்கமிருந்து போன சனங்கள்தான் எங்கட மலையகத்தின் கோப்பியையும் தேயிலையையும் நட்டது. 1948இல் எங்கட நாட்டு அரசாங்கம் அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. எல்லாம் பரீட்சைக்குப் பாடமாக்கி எழுதி மாக்ஸ் வாங்கியிருக்கிறேன். எங்கள் ஒழுங்கையின் முதல் வீட்டில் ஒரு பிள்ளை வேலைக்கு நின்றாள், என் வயதுதான். 'மலைநாட்டுப் பிள்ளை' என்போம். அவளுடைய ஊர் எதென்று ஒரு நாளும் கேட்டதில்லை. ஆத்தூர், ஓமலூர் மாதிரி அவளுக்கும் ஒரு ஊர்ப் பெயர் இருந்திருக்கும்.

ஆயா பெரியப்பாவின் பெயரைச் சொன்னார். கொப்பியில் எழுதிக்கொண்டேன். தோட்டத்தின் பெயர் அவருக்குத் தெரியாது. "மலையில" என்றார்.

2 மார்ச்

இன்ரேனல் பரீட்சை. ஆயா போனில் ஆத்தூரிடம், "அந்தப் புள்ள விசாரிச்சுதா?" என்று கேட்டாராம்.

27 ஏப்ரல்

ரிக்கெற் போட்டாயிற்று. செவ்வாய்ப்பேட்டையில் தங்கச்சிக்கு ஒரு சோடி வெள்ளிக் கொலுசு வாங்கினேன். அரூர் பேரம் பேசினாள். இங்கே 'பேசினாள்' என்று சரியாகவே எழுதிவிட்டேன். ஏற்காட்டுக் கோப்பித்தூள் அரைக் கிலோ, மிளகு கொஞ்சம். தட்டுவடை தனியாக, சட்னி இல்லாமல். சட்னியை அம்மா அரைக்கட்டும். மல்கோவாவையும் கொண்டுபோகச் சொல்லி ஓமலூர் நிற்கிறாள். விமானநிலையத்தில் அதை விடமாட்டார்கள் என்றால் நம்புவதாயில்லை.

இரவு அம்மாவோடு கதைத்தேன். லீவில் மலையகத்தில் ஹற்றன் பக்கம் போக வேண்டும் என்றேன்.

"அங்க ஆர் இருக்கினம் எங்களுக்கு?"

ஆயாவின் கதையைச் சொன்னேன். ஒரு பேரை வைச்சுக்கொண்டு மலையெல்லாம் தேடப்போறியோ, விசரே உனக்கு என்று பேசினா. எங்கட ஊர்ப் பேச்சு. பின்னால் அப்பாவின் குரல் கேட்டது: "ஹற்றனுக்குக் கண்டியில பஸ் மாறோணுமோ, கொழும்புக்குப் போய் ரயில் எடுக்கோணுமோ?"

அம்மாவுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. ஆரிடமாவது கேட்டுச் சொல்கிறேன் என்று அப்பா போனை வைத்தார்.