தாத்தாவின் வெப்லி

செப்டம்பர் 7, 2025, ஞாயிறு – குன்னூர்

மூன்று நாளாக வெயிலைக் கண்ணில் காணோம். பீரோவைத் திறந்தால் துணியெல்லாம் பூஞ்சை வாசம். சரி, இதையும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று தாத்தாவின் ரிவால்வரை வெளியே எடுத்தேன். வெப்லி மார்க் 4, .32 அளவுத் தோட்டா போடுவது, இங்கிலாந்தில் பர்மிங்காமில் செய்தது. அப்பா போன பிறகு லைசென்ஸ் என் பெயருக்கு மாற ஒன்றேகால் வருஷம் பிடித்தது, கைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகவில்லை.

வீட்டில் இதற்குப் பெயரே 'சுடாத துப்பாக்கி'. வாங்கிய நாளிலிருந்து ஒரு தோட்டாகூட இதிலிருந்து போனதில்லை. தாத்தா கொலக்கம்பைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் ஹெட் கிளார்க். சம்பள நாளில் குன்னூர் பேங்கிலிருந்து பணத்தை எடுத்துக்கொண்டு ஜீப்பில் தூதூர்மட்டம் வழியாகப் போக வேண்டும், அதற்காகத் துரை சொல்லி வாங்கியது. ஒரு மார்கழிக் காலை, ஆள் தெரியாத பனியில், வளைவில் மரத்தை வெட்டிப்போட்டு நாலு பேர் நின்றிருக்கிறார்கள். தாத்தா ஜீப்பை விட்டு இறங்கி, ஒரு வார்த்தை பேசாமல் இதை நீட்டிப் பிடித்தாராம். ஓடிவிட்டார்கள். நாலு பேர் என்பது அப்பாவின் கணக்கு, அத்தை சொன்னால் ஆறு பேர், அதில் ஒருவன் கையில் வெட்டுக்கத்தி.

சாயங்காலம் சித்தப்பா போன் செய்தார். துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன் என்றதும் ஆரம்பித்துவிட்டார். "இன்னும் எத்தனை வருஷத்துக்குத் துடைச்சுகிட்டே இருப்பே கண்ணு? ஒருக்கா சுட்டுத்தான் பாரேன். எங்கப்பா கையில அன்னிக்கு இருந்தது துப்பாக்கியா, பொம்மையான்னு எனக்கும் தெரியணுமல்ல."

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் அந்தக் கேள்வி மண்டையில் உட்கார்ந்துகொண்டது.

செப்டம்பர் 9, செவ்வாய்

கோவையில் எனக்குத் தெரிந்த துப்பாக்கிக் கடைக்காரரிடம் விசாரித்தேன். பழைய பெட்டி இருக்கிறது, பில் இருக்கிறது, சுடவே இல்லை, இப்போது சுட்டால் மதிப்புக் குறையுமா என்று. அவர் சிரித்தார். சுடாதது என்பதற்குத் தனி விலை கொடுப்பதெல்லாம் வெளிநாட்டில் சேகரிக்கிறவர்கள் செய்வது, இங்கே வாங்க வருகிறவர் முதலில் கேட்பது "வெடிக்குமா?" என்றுதானாம். 1980-களின் நடுவில் தனியார் வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதி செய்வது நின்றுபோனதால் நாட்டுக்குள் இருப்பதுதான் கைமாறிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் பழைய வெப்லிக்கு இந்த விலை. இப்போது கான்பூரில் தயாராகும் .32 ரிவால்வரே வெப்லியின் அமைப்பை வைத்துச் செய்ததுதான்.

ஆக, பணக் கணக்கில் சுடுவதா வேண்டாமா என்பதற்கு விடை இல்லை. எனக்கும் விற்கிற எண்ணம் இல்லை.

செப்டம்பர் 14, ஞாயிறு

நல்ல வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்துப் பார்த்தேன். 'சுடாதது' என்றால் புத்தம் புதுசு என்று மனசுக்குள் ஒரு நினைப்பு இருக்கிறதே, அது சுத்தப் பொய். குழலின் மேல் வட்டமாக ஒரு துருக்குழி, ஐம்பது பைசா அளவு. முதலில் என்னவென்று புரியவில்லை, அப்புறம்தான் உறைத்தது, அது சந்தனப் பொட்டு! வருஷா வருஷம் ஆயுத பூஜைக்குப் பாட்டி அதே இடத்தில் ஈரச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமமும் வைப்பார். மறுநாள் எடுக்கும்போது யாராவது சரியாகத் துடைத்தால்தானே? இன்னொரு பக்கம் தோல் உறை பட்ட இடமெல்லாம் புள்ளி புள்ளியாக அரித்திருக்கிறது. பதனிட்ட தோல் இந்த ஊர் ஈரத்தைக் குடித்துக்கொண்டு இரும்போடு ஒட்டிக் கிடந்தால் வேறென்ன ஆகும். போதாததற்குத் தேர்தலுக்குத் தேர்தல் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைத்ததில், ஒருமுறை திரும்பி வந்தபோது பிடியில் நீளமாக ஒரு கீறல். அடுத்த வருஷம் சட்டமன்றத் தேர்தல், மறுபடியும் ஒப்படைக்க வேண்டும்.

சுட்டிருந்தால்கூட இவ்வளவு கெட்டிருக்காது. சுட்ட கையோடு துடைத்து எண்ணெய் போட்டிருப்பார்கள்.

சித்தப்பா மறுபடியும் போன். தோட்டத்துக்கு வா, வானத்தைப் பார்த்து ஒன்று விட்டுவிடலாம் என்கிறார். 2019-இல் ஆயுதச் சட்டத்தைத் திருத்திய பிறகு, அடுத்தவர் உயிருக்கு ஆபத்து வருகிற மாதிரி கொண்டாட்டத்துக்குச் சுட்டாலும் இரண்டு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் வரை அபராதம் என்றேன். "அப்படியா?" என்று வைத்துவிட்டார். சுடுவதானால் துப்பாக்கி சுடப் பழகுகிற ரேஞ்சில்தான்.

செப்டம்பர் 20, சனி

காலை ஏழு மணிக்கே கிளம்பிக் கோவைக்கு இறங்கினேன், லைசென்ஸ் புத்தகமும் துப்பாக்கியுமாக. ரேஞ்சுக்குப் போவதற்கு முன் ஒருமுறை கடையில் காட்டிவிடச் சொல்லியிருந்தார்கள். கடையில் ரிப்பேர் பார்ப்பவர் ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது ஆயுதங்களைப் பழுது பார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர், கடைசியாக எங்கள் குன்னூருக்குப் பக்கத்து வெலிங்டனில் இருந்தாராம். ஊர்ப்பேச்சு கொஞ்சம் ஓடியது. வாங்கிப் பார்த்தவுடன், "இது சுடாததுன்னு யார் தம்பி சொன்னது?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் சிலிண்டரைத் திருப்பி லென்ஸைக் கொடுத்தார். ஆறு அறைகளுக்கும் பக்கத்தில் குட்டிக் குட்டியாகக் கிரீடம் போட்ட முத்திரை. பர்மிங்காமில் 1813-லிருந்து இதற்கென்றே ஒரு சோதனைச்சாலை இருக்கிறது. வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவைப் போட்டு வெடித்துப் பார்த்து, தாங்கினால்தான் இந்த முத்திரை குத்துவார்கள், முத்திரை இல்லாமல் அங்கே விற்க முடியாது. ஆக, கப்பல் ஏறுவதற்கு முன்பே இது ஆறு அறையிலும் வெடித்தாயிற்று. எங்கள் குடும்பப் பெருமை பர்மிங்காமிலேயே முடிந்துபோன விஷயம்.

சிரிப்புதான் வந்தது. ஒரு பாரம் இறங்கின மாதிரியும் இருந்தது, சரி, அப்படியானால் தயங்க ஒன்றுமில்லை, ரேஞ்சுக்குப் போய்விடலாம் என்று.

அடுத்து அவர் செய்ததுதான் விஷயம். தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, ரப்பர் வைத்த பென்சில் ஒன்றை, ரப்பர் முனை உள்ளே போகிற மாதிரி குழலுக்குள் இறக்கி, மேலே நிமிர்த்திப் பிடித்து விசையை அழுத்தினார். ஊசி ரப்பரில் அடித்தால் பென்சில் வெளியே துள்ள வேண்டும். துள்ளவில்லை. சுத்தி சோம்பலாக, கட்டைவிரலால் யாரோ பிடித்து இறக்கின மாதிரி வந்து படுத்தது. பென்சில் லேசாக அசைந்ததோடு சரி.

பிடியின் இரண்டு பலகையையும் கழற்றினார். உள்ளே ஸ்பிரிங்கைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் மெழுகு மாதிரி அப்பிக் கிடந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். சிக்குப் பிடித்த தேங்காய் எண்ணெய்.

பீரோவில் துப்பாக்கிக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு சின்ன எண்ணெய் பாட்டில் இருக்கும், அப்பா அதைத்தான் விடுவார், தாத்தா அப்படித்தான் செய்வார் என்பார். தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே போனாலே உறைய ஆரம்பிக்கும். குன்னூரில் மார்கழியில் தலைக்கு வைக்கிற எண்ணெயையே அடுப்போரம் வைத்து உருக்கித்தான் எடுக்க வேண்டும்.

"அந்தக் குளிர்ல இதை அழுத்தியிருந்தா?" என்றேன்.

"வெடிச்சிருக்கலாம். வெடிக்காமலும் இருந்திருக்கலாம்" என்றவர், கொஞ்சம் பொறுத்து, "நான் பந்தயம் கட்டமாட்டேன்" என்றார்.

சுத்தம் செய்து, மெல்லிய துப்பாக்கி எண்ணெய் போட்டு, மறுபடி பென்சிலை இறக்கினார். சீலிங்கில் போய் இடித்தது.

செப்டம்பர் 21, ஞாயிறு

நேற்று ரேஞ்சுக்குப் போகவில்லை. மதியத்துக்கு இடம் சொல்லி வைத்திருந்தும், மேட்டுப்பாளையம் பஸ்ஸைப் பிடித்து ஏறிவந்துவிட்டேன். பர்லியார் தாண்டிக் குளிர் அடித்தபோதுதான் ஏன் போகவில்லை என்பது எனக்கே விளங்கிற்று. நான் சுட்டுப் பார்க்க நினைத்தது அந்த மார்கழிக் காலையை. அந்தத் துப்பாக்கி நேற்றுக் காலை பத்தரை மணிவரை இருந்தது. இப்போது பையில் இருப்பது நன்றாக வேலை செய்யும் ஒரு பழைய ரிவால்வர், அதைச் சுட்டால் வெடிக்கும், அது எனக்கு இப்போதே தெரியும். சுத்தம் செய்வதற்கு முன்னால் ஒரு தோட்டாவைப் போட்டுப் பார்த்திருக்கலாமே என்று மகள் கேட்டாள். அந்த நிலையில் ஆர்மரர் தோட்டாவைத் தொடவே விட்டிருக்கமாட்டார்.

சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரொம்ப நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "அவருக்குத் தெரிஞ்சிருக்குமாடா?" என்றார். மாசத்துக்கு ஒருமுறை கையாலேயே எண்ணெய் போட்ட மனுஷன், விசை கனத்துப்போனதைக் கவனிக்காமலா இருந்திருப்பார் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் விசையை வீணாக அழுத்தக் கூடாது என்று அப்பாவுக்குக் கண்டிப்பாகச் சொல்லி வைத்தவரும் அவர்தான். அவரே அழுத்திப் பார்த்திருக்கமாட்டார் என்றும் தோன்றுகிறது.

அத்தையிடம் சொல்ல வேண்டாம் என்று இரண்டு பேரும் முடிவு செய்தோம்.

அக்டோபர் 1, புதன் – ஆயுத பூஜை

அத்தை ஊட்டியிலிருந்து வந்திருந்தார். சுண்டல், பொரி, வாழைக்கன்று, மகளின் லேப்டாப், என் ஸ்கூட்டர் சாவி, எல்லாவற்றுக்கும் நடுவில் அது. தோல் உறையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டேன், இப்போது பருத்தித் துணியில் சுற்றி, சிலிக்கா ஜெல் பையோடு தகரப் பெட்டியில் இருக்கிறது. அத்தை சந்தனத்தைக் குழைத்துக்கொண்டு குழல் பக்கம் கையை நீட்டினார். "பெட்டி மேல வையுங்க அத்தை" என்றேன். ஏன் என்று கேட்கவில்லை, மூடியில் வைத்துவிட்டு என் மகளுக்குக் கதையை ஆரம்பித்தார். இந்த வருஷம் எட்டுப் பேர்.