மெஸ் மிச்சமும் மரத்தடிச் சருகும்

ராத்திரி சாப்பாடு முடிந்ததும் எங்கள் விடுதி மெஸ்ஸில் கை கழுவுமிடத்தில் இருக்கும் டிரம்மை எட்டிப் பார்த்தால் மனசு கேட்காது. முழு இட்லி, தொடாத பொரியல், அதற்கு மேலேயே தயிர் கப். இப்படிக் கலந்து போகிற குப்பை கடைசியில் சென்னையின் குப்பைக் கிடங்குகளான பெருங்குடியிலோ கொடுங்கையூரிலோதான் சேரும், அதில் பெருங்குடி குப்பை மேடு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தின் மேலேயே இருக்கிறது, 2022ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலில், சேர்ந்த அதே சதுப்பு நிலம்.

அதனால் நாங்கள் ஐந்து பேர் விடுதிக்குப் பின்னால் உரக்குழி போட்டோம். முதல் வாரமே நாற்றம், புழு. மெஸ்ஸில் பாத்திரம் கழுவும் அக்காதான் வந்து பார்த்துவிட்டு, "சாம்பாரை வடிச்சிட்டுப் போடுங்க தம்பி, சருகை நிறையப் போடுங்க" என்றார். ஈரம் அதிகமானால் காற்று போகாது, காற்று இல்லாவிட்டால் அழுகும், அவ்வளவுதான் விஷயம். இப்போது ஒரு அடுக்கு மிச்சம், அதற்கு இரண்டு பங்கு சருகு, மேலே கொஞ்சம் புளித்த மோர். முன்பு தோட்டக்காரர்கள் கூட்டிக் கொளுத்திக்கொண்டிருந்த சருகெல்லாம் இப்போது எங்களிடம் வருகிறது.

அப்புறம் டீ கப். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை, ஆனாலும் கேன்டீனில் அதில்தான் தருகிறார்கள். நான் பையில் ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்திருக்கிறேன். நேற்று வகுப்பில் இன்னும் மூன்று பேர் கொண்டுவந்திருந்தார்கள், அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.