ஏசமாட்டா

"அம்மாட்டச் சொன்னா ஏசமாட்டாவோ மிஸ்?"

"ஏசமாட்டா பிள்ளை. சொல்லும்."

நடந்தது இவ்வளவுதான். பாடசாலையொன்றில் இணையப் பாதுகாப்பு வகுப்பு முடிந்து புரொஜெக்டர் வயரைச் சுற்றிக்கொண்டு நின்றேன். ஒன்று நாற்பது பஸ்ஸை விட்டால் பண்ணைப் பாலம் தாண்ட மூன்று மணியாகிவிடும் என்ற நினைப்பும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது. அதனால்தான் அப்படிச் சொன்னேனா, ஆறுதலாக இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேனா, தெரியவில்லை. அந்தத் தாயை நான் கண்டதுகூட இல்லை. அவர் ஏசுவாரா மாட்டாரா என்று சொல்ல நான் யார்?

பிள்ளை தரம் 9. அவளுடைய பெயரில், அவளுடைய படத்தை வைத்து யாரோ பேஸ்புக்கில் ஒரு கணக்குத் திறந்து, இரவில் வகுப்புப் பெடியங்களுக்கு மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். தோழியின் போனில் அதைத் திறந்து காட்டினாள். சாமத்தியவீட்டுப் படம். பச்சைச் சேலை, நெற்றிச்சுட்டி, கழுத்து நிறைய நகை. ஒரு மூலையில் ஸ்டூடியோவின் பெயர் பொன்னெழுத்தில். திருடினவன் அதை வெட்டக்கூட மினக்கெடவில்லை.

உங்கள் படத்தைப் போடாதீர்கள், பெயர், வயது, ஊர் எழுதாதீர்கள் என்று சற்று முன்னர்தான் நாற்பது நிமிடம் படிப்பித்திருந்தேன். அந்தப் பிள்ளை ஒன்றுமே போடவில்லை. பெயரும் ஊரும் திகதியும் சேர்த்து நூற்றுக்கு மேற்பட்ட படங்களை ஸ்டூடியோக்காரர் தன் பக்கத்தில் ஏற்றியிருந்தார். சொந்தக்காரர் எல்லாரும் அதைப் பகிர்ந்திருந்தார்கள். பேஸ்புக்குக்கு 13 வயது ஆக வேண்டும் என்று வகுப்பில் சொல்கிறோம். அந்த ஆல்பம் ஏறியபோது அவளுக்கு 12.

நாங்கள் கொண்டுபோகிற பாடம் ஆங்கிலத்திலிருந்து வந்தது. தமிழாக்கியதில் எனக்கும் பங்குண்டு என்பதால் குறை சொல்லும் உரிமையும் உண்டு என்று நினைக்கிறேன். "அந்நியரின் நட்பு அழைப்பை ஏற்காதீர்கள்" என்று ஒரு வரி. இங்கே பாதிப் பிள்ளைகளுக்குச் சுவிஸ் சித்தப்பாவும் கனடா மாமியும் திரையில் மட்டும் பார்த்த முகங்கள்தான். அவர்கள் அந்நியரா? பிறகு "நம்பிக்கைக்குரிய பெரியவரிடம் சொல்லுங்கள்" என்று இன்னொரு வரி. "பெரியவர்" என்றதும் ஒருவன் "ஐயரோ மிஸ்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் பாடம் முழுக்க நிற்பது அந்த வரியின் மேல்தான். மற்ற விதிகள் எல்லாம் பிழைத்துப்போனால் பிள்ளை கடைசியில் வந்து நிற்கிற இடம் அது.

இரண்டு கிழமைக்குப் பிறகு, வகுப்பாசிரியையிடம் என் நம்பரை வாங்கித் தாய் அழைத்தார். குரலில் கோபம் இல்லை.

"மிஸ், நான் ஏசமாட்டன் எண்டு நீங்கள் சொன்னனீங்களாம். நான் ஏசேல்லை. போனை மட்டும் வாங்கி அலுமாரியில வச்சுப் பூட்டிப்போட்டன். ரியூசனும் இனி வேண்டாம் எண்டு அவவின்ர அப்பா சொல்லிப்போட்டார்."

என் வாக்கு, சொன்னபடி பார்த்தால், பலித்துவிட்டது.

அந்தப் போன் 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடியபோது படிப்புக்கென்று வாங்கியது. விஞ்ஞானப் பாடக் குறிப்புகள் எல்லாம் இன்றைக்கும் வாட்ஸ்அப்பில்தான் வருகின்றன. ரியூசன் என்பது இந்த ஊரில் படிப்பு மட்டுமல்ல, சைக்கிளில் நாலு பேர் கதைத்துக்கொண்டு போகிற அந்த அரை மணித்தியாலமும்தான். இரண்டும் ஒரே நாளில் போய்விட்டன. போலிக் கணக்கு அப்போதும் இருந்தது.

அந்தப் படம் வெளியே வந்தது உங்கள் வீட்டு ஆல்பத்திலிருந்துதான் என்று அப்போது சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. சொன்னால் தாய்க்குக் குத்தும், குத்தினால் அந்தக் கோபமும் பிள்ளையில்தான் இறங்கும் என்று விழுங்கிவிட்டேன். இது நியாயமான காரணம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பயத்துக்கும் இதே காரணத்தைச் சொல்லலாம் என்பதும் தெரியும்.

செய்யக்கூடியவற்றைச் செய்தோம். ஆள்மாறாட்டம் என்று நானும் அவளுடைய தோழிகளும் ரிப்போர்ட் பண்ணினோம். சில நாளில் கணக்குப் போய்விட்டது. பிறகு அதே பச்சைச் சேலையோடு இன்னொன்று வந்தது. அதையும் ரிப்போர்ட் பண்ணினோம். 18 வயதுக்குக் குறைந்தவர்களின் நிர்வாணப் படங்களைப் பரவாமல் தடுக்க 'டேக் இட் டவுன்' என்று ஒரு சேவை இருக்கிறது. படம் போனை விட்டு வெளியே போகாது, அதன் இலக்க அடையாளம் மட்டும்தான் போகும். நல்ல ஏற்பாடு. ஆனால் சேலை கட்டி, நகை போட்டு, ஊரே பார்த்த படத்துக்கு அது உதவாது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதும் குற்றம்தான். "பொலிசுக்குப் போவமோ?" என்று தாயிடம் கேட்டேன். "பொம்பிளைப்பிள்ளை மிஸ்" என்றார். அதற்கு மேல் கதைக்க ஒன்றுமில்லை. ஸ்டூடியோக்காரரிடமும் கேட்டுப்பார்த்தேன். "அவை கேட்டுத்தானே போட்டது, வெளிநாட்டில இருக்கிறவை பார்க்க வேண்டாமோ?" என்றார். அவர் பக்கமும் பிழை என்று சொல்ல முடியவில்லை.

அன்றைக்கு நான் வேறு என்ன செய்திருக்கலாம்? ஆலோசனை வழிகாட்டல் ஆசிரியரிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் போனால், இடைவேளைக்குள் ஸ்டாஃப் ரூம் முழுக்கத் தெரிந்துவிடும் என்று அந்தப் பிள்ளையே சொன்னாள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் உதவி இலக்கம் 1929ஐக் கரும்பலகையில் எழுதித்தான் வைத்திருந்தேன். இரவும் பகலும் எடுக்கலாம், தமிழிலும் கதைக்கலாம். வீட்டுக்கு நானே போயிருக்கலாம். வெளியிலிருந்து வகுப்பெடுக்கப் போகிற வளவாளர் பிள்ளைகளின் வீட்டுக்குப் போகக் கூடாது என்பது எங்களுக்கு விதி. நல்ல விதி. பஸ் நேரத்தோடு அது இவ்வளவு வசதியாகப் பொருந்தியதுதான் கரைச்சலாக இருக்கிறது.

சொல்லாமல் இருந்திருந்தால் நல்லது என்று சொல்ல வரவில்லை. மிரட்டுகிறவனுக்கு முதலே பிள்ளையின் பயம்தான். மறைக்க மறைக்க அவனுக்கு வட்டி ஏறும். இதை வகுப்பில் சொல்கிறேன், நம்பியும் சொல்கிறேன். ஆனால் நான் அந்தப் பிள்ளையிடம் சொன்னது அதுவல்லவே. "ஏசமாட்டா" என்றேன். அடுத்த வீட்டுக் கோழிக்கு நான் விலை பேசின மாதிரி.

போன மாதம் வலிகாமம் பக்கம் ஒரு பாடசாலை. அந்த வரி வந்ததும் இந்த முறை மாற்றிச் சொன்னேன். "ஏசுவினம். போனைப் பறிக்கவும் பறிப்பினம். எண்டாலும் சொல்லுங்கோ." பொய் இல்லாமல் சொல்லிவிட்டேன் என்று ஒரு நிம்மதி.

வகுப்பு முடிந்தது. வயரை மெதுவாகத்தான் சுற்றினேன். வெள்ளைத் திரையை மடித்து, மேசையைத் துடைத்து, திரும்பவும் வயரை அவிழ்த்துச் சுற்றினேன். ஒருவரும் வரவில்லை. பஸ்ஸும் அன்றைக்கு முக்கால் மணித்தியாலம் பிந்தித்தான் வந்தது.